என் அரை கிரவுண்டுக்குப் பட்டா வாங்கிய கதை

ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, ஒரு பக்கம் அடுக்குமாடியும் மறுபக்கம் நாற்று நடுகிற வயலுமாக இருக்கும் ஓர் ஊராட்சியில் 2009இல் அரை கிரவுண்டு வாங்கினேன். ‘பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு’ என்றார் புரோக்கர். நம்பினேன். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டபோதுதான் அந்த அப்ரூவல் செல்லாது என்று தெரிந்தது. அடுத்த வருடம், இப்படிப்பட்ட மனைகளுக்குக் கட்டணம் வாங்கி அங்கீகாரம் தரும் வரன்முறை விதிகள் வந்தன. விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு என்று அது ஒருவழியாக முடிந்தது.

இழுத்தடித்தது, நிலம் யார் பெயரில் என்று வருவாய்த்துறை தரும் பட்டாதான். வீடு கட்டக் கடன் கேட்டுப் போனால் வங்கியில் முதலில் அதைத்தான் கேட்டார்கள். பத்திரம் என் பெயரில். பட்டாவோ பழைய நிலக்காரர்கள் மூன்று பேர் பெயரில் கூட்டாக. என்னுடையது பெரிய சர்வே எண்ணில் ஒரு துண்டு என்பதால் பெயர் மாற்றினால் மட்டும் போதாது, அளந்து தனி எண்ணாகப் பிரிக்க, அதாவது உட்பிரிவு செய்ய வேண்டும். இ-சேவை மையத்தில் மனு போட்டேன்.

தள்ளுபடி! ‘இணைப்பு ஆவணம் இல்லை’ என்று ஒரே வரி. எனக்கு விற்றவர் நிலக்காரர் இல்லை, அவர்கள் சார்பில் விற்க எழுதிக் கொடுத்த அதிகாரம் பெற்ற பவர் ஏஜென்ட். அந்தப் பவர் பத்திரத்தை நான் மனுவோடு வைக்கவே இல்லை. ‘பதினைந்தாயிரம் குடுங்க, முடிச்சுடலாம்’ என்றார் ஒரு புரோக்கர். வேண்டாமென்று வந்துவிட்டேன். ஒரு நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலான வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதில் பவர் பத்திர எண்ணைப் பிடித்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கி, மறுபடி மனு போட்டேன். அந்தப் புரோக்கருக்குப் பணம் கொடுத்திருந்தாலும் இதே நகலைத்தான் தேடியிருப்பார்.

சர்வேயர் வந்த அன்றுதான் அடுத்த சிக்கல். கையில் நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படம் இருக்கிறது, தரையில் எல்லைக் கல்லைக் காணோம். லேஅவுட் போட்டவர்கள் மண்ணடித்து வரப்பையே மூடிவிட்டார்கள். கல் இல்லாமல் எங்கிருந்து அளப்பது? மாடு ஓட்டிக்கொண்டு போன பெரியவர் ஒருவர் நின்றார். பழைய நிலக்காரரின் மகனாம். “தம்பி, அங்க ஏன் தேடுறீங்க? மோட்டார் கொட்டகை ஓரமா வாங்க” என்று கூட்டிப்போய், இடிந்த சுவருக்கு இரண்டடி தள்ளிக் காலால் தட்டிக் காட்டினார். கடப்பாரை போட்டதும் முழங்கை ஆழத்தில் ‘ணங்’கென்றது. சேறு அப்பிய கருங்கல், தலையில் பெருக்கல் குறி. சர்வேயர் உட்கார்ந்து அதைக் கையாலேயே துடைத்தார். அப்புறம் அரை மணி நேரத்தில் அளந்து முடித்துவிட்டார்.

ஒன்றரை மாதத்தில் பட்டா வந்தது. 1,200 சதுர அடி அதில் ஹெக்டேர் - ஏர் (ஒரு ஏர் நூறு சதுர மீட்டர்) கணக்கில் 0 - 1.11. வகைபாடு இன்னும் நன்செய்தான்.

பிரிண்ட் எடுத்துப்போய்ப் பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்துப் பார்த்தார்.

“எங்கப்பா பேரு?”

“இதுல இல்ல பெரியவரே. ஆனா தெரு இன்னும் ரோடுன்னு ஏறல, அது உங்கப்பா பட்டாவுலதான் இருக்கு.”

“அப்போ நீ தினமும் எங்க நிலத்துலதான் நடந்து வர்றே” என்றார்.