வடக்கே பார்த்த திண்ணை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழர்களுக்கு ஒரு சமூகக் கூடம் வரையச் சொன்னால், கூடவே ஒரு கோபுரமும் கேட்பார்கள். முகப்பில் ஒட்டவைத்த கோபுரத்தில் நினைவு குடியேறாது. கேட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயத்தைப் பாருங்கள். உம்பிலோ ஆற்றங்கரையில் 1875இல் கட்டிய பழைய கோயிலை 1905 வெள்ளம் கொண்டுபோனது. அதில் மீட்ட கதவுகள் 1947இல் எழுந்த கோயிலுக்கு வாசலாயின. பழங்கதவு கிடைத்தால் முதலில் கதவை அளக்க வேண்டும், பிறகே சுவரில் அதற்கான திறப்பை வரைய வேண்டும். திறப்புக்காகக் கதவைச் சீவினால் மிஞ்சுவது வெறும் மரம்.

இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950இன் குரூப் ஏரியாஸ் சட்டத்தால் பெயர்க்கப்பட்டவர்களின் தெருவை வரைபடமாக்கும்போது எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைக்காதீர்கள். குரல் ஓங்கியவரின் தெருவே எல்லாருடைய தெருவாகிவிடும். தனித்தனியே வரையவிட்டு, டிரேசிங் தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். தூரம் பிசகும், எந்த வீட்டுக்கு அடுத்து எது என்ற வரிசை அவ்வளவாகப் பிசகாது. தூரத்தை, விமானத்திலிருந்து எடுத்த பழைய வான்படத்தில் சரிபார்க்கலாம். கேள்வியும் முக்கியம். "சமையல்கட்டு எவ்வளவு பெரிசு?" என்றால் ஆளுக்கொரு பதில் வரும். "காவடிக்குச் சமைத்த அண்டா எந்த வாசல் வழியாக உள்ளே போச்சு?" என்று கேளுங்கள். அண்டா இன்னும் யார் வீட்டிலாவது இருக்கும். வாசல் அகலம் அதிலிருந்து கிடைத்துவிடும்.

இலக்கியத்திலிருந்து எடுத்தாளும்போதும் இதே கவனம் தேவை. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுப்பவர்கள் இரு கோல் நட்டு, நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலில் கயிறு பிடிக்கிறார்கள். நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 30 பாகை தெற்கிலுள்ள டர்பனில் அப்படியொரு நண்பகல் கிடையாது. ஆண்டு முழுக்க உச்சிப்பொழுதின் நிழல் தெற்கே விழும், வெயில் வடக்கிலிருந்து வரும். தமிழ்நாட்டு வீட்டை நகலெடுத்துத் திண்ணையைத் தெற்கே வைத்தால், ஜூன் குளிரில் அதில் யாரும் உட்காரமாட்டார்கள். வடக்கே திருப்பி, கூரையைச் சுவருக்கு வெளியே 60 செ.மீ. நீட்டித் தாழ்வாரம் விடுங்கள். டிசம்பர் உச்சியில் சூரியன் ஏறத்தாழ 84 பாகை உயரத்தில் நிற்பதால் 2.4 மீட்டர்ச் சுவர் முழுக்க நிழல். ஜூனில் 37 பாகைதான். மேலே 45 செ.மீ. போக மிச்சமெல்லாம் வெயில்.

இருக்கிற கட்டடத்தில் கைவைப்பதானால், 60 ஆண்டு தாண்டியதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். தாண்டியிருந்தால் தென்னாப்பிரிக்காவின் 1999 மரபுவளச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஓர் அறையை இடிப்பதற்கும் இது பொருந்தும்.

மேற்குச் சுவருக்குத் தாழ்வாரக் கணக்கு உதவாது, சாயங்கால வெயில் அடியில் புகுந்துவிடும். பெரியவர்கள் தாளில் மாமரம் போட்டிருந்தால் அலங்காரம் என்று தள்ளாமல், அது வீட்டுக்கு எந்தப் பக்கம் நின்றது என்று கேளுங்கள்.