கவுண்டருக்கு இந்தப் பக்கம்

எங்கள் வங்கியின் மண்டல அலுவலகப் புகார்ப் பிரிவுக்கு என்னை மாற்றியபோது, "இனி வரிசை இல்லை, கூச்சல் இல்லை, நிம்மதியாக இரு" என்று கிளையில் இருந்த தோழிகள் வாழ்த்தினார்கள். கூச்சல் இல்லைதான். ஆனால் மின்னஞ்சலில் வரும் கோபத்துக்கு முகம் கிடையாது. கவுண்டரில் கத்துகிறவரின் கை நடுங்குவது தெரியும், பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு தெரியும். திரையில் வெறும் சொற்கள்தான். நேரில் வாங்கிய வசவைவிட எழுத்தில் வந்த வசவே என்னைச் சீக்கிரம் சுட்டது.

ஒருநாள் காலை திறந்த புகாரின் முதல் வரியே "நீங்கள் எல்லோரும் திருடர்கள்" என்றிருந்தது. ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது என்று புகார். பார்த்தேன், தொகை திரும்ப வரவு வைக்கப்பட்டிருந்தது. பணம்தான் வந்துவிட்டதே, பிறகு எதற்கு இந்தப் பேச்சு? பத்தே நிமிடத்தில் பதில் எழுதி முடித்தேன். 'தாங்கள்' இருந்தது, 'பணிவுடன்' இருந்தது. 'தங்கள் மொழி வருத்தம் அளிக்கிறது' என்ற வரியும் இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த ஒரு வரிக்காகத்தான் மீதி அத்தனையையும் எழுதியிருந்தேன்.

அனுப்புவதற்கு முன் தேதிகளைச் சரிபார்த்தேன். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, இப்படிக் கழிந்த பணத்தை 5 நாட்களுக்குள் திருப்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம், வாடிக்கையாளர் கேட்காமலேயே தர வேண்டும். அவருக்குப் பணம் வந்தது 9ஆம் நாள். 400 ரூபாயை நாங்கள் தரவில்லை. மறுபடி படித்தால், மூன்றாவது பத்தியில் அதைத்தான் கேட்டிருந்தார்: "தாமதத்துக்குப் பணம் உண்டாமே, அது எங்கே?" முதல் வாசிப்பில் அந்த வரி என் கண்ணில் படவேயில்லை. 'திருடர்கள்' என்ற சொல்லோடு என் வாசிப்பு நின்றுபோயிருந்தது.

எழுதியதை அழித்தேன். 400 ரூபாய்க்கு ஏற்பாடு செய்துவிட்டு, எந்த நாளில் வரவாகும் என்பதை முதல் வரியில் வைத்து, தவறு எங்களுடையது என்று இரண்டாம் வரியில் எழுதினேன். அன்றிலிருந்து ஒரு பழக்கம். எந்தப் புகாரானாலும் அதில் கேள்வி எங்கே இருக்கிறது என்று தேடி அடிக்கோடு போட்ட பிறகே பதிலைத் தொடங்குவேன். 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதுவதையும் விட்டுவிட்டேன். காத்திருக்கும் மனிதருக்கு அதைவிட மரியாதைக் குறைவான வாக்கியம் இல்லை என்பது என் எண்ணம். வியாழக்கிழமை என்றால் வியாழக்கிழமை என்று எழுத வேண்டும்.

இந்தப் பாடம் எனக்கு மூன்று ஆண்டுகள் முன்பே காட்டப்பட்டது. அப்போது நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். 10ஆம் தேதி கிளையின் கதவைத் திறந்தபோது வரிசை தெருமுனை திரும்பியிருந்தது. சனி, ஞாயிறும் வேலை. மாற்றிக் கொடுக்கும் வரம்பு 4,000, பிறகு 4,500, பிறகு 2,000 என்று மாறிக்கொண்டே இருந்தது. காலையில் ஒருவருக்குச் சொன்னது மறுநாள் பொய்யாகிவிடும். புதிய 2,000 ரூபாய் நோட்டைக் கையில் வாங்கியவர், சில்லறை எங்கே கிடைக்கும் என்று என்னையே கேட்பார்.

கார்த்திகை முகூர்த்தங்கள் நெருங்கிய நேரம். கல்யாண வீட்டுக்கு இரண்டரை லட்சம் எடுக்கலாம் என்று செய்தியில் கேட்டு, மஞ்சள் தடவிய பத்திரிகையோடு ஒரு பெரியவர் வந்தார். 21ஆம் தேதி வந்த விதிகளோ நீளமானவை: பத்திரிகை, யாருக்கு எவ்வளவு என்ற பட்டியல், அவரிடமிருந்து பணம் பெறப்போகிறவர்களுக்கு வங்கிக் கணக்கு இல்லை என்ற உறுதிமொழி. அவரிடம் பத்திரிகை மட்டும்தான் இருந்தது. "என் பணத்தை எனக்குத் தருவதற்கு இத்தனை கேள்வியா?" என்று குரல் உயர்ந்தது. "சட்டம் போட்டது நானில்லை ஐயா, டெல்லியில் போய்க் கேளுங்கள்" என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் பத்திரிகையை மெதுவாக எடுத்துப் பைக்குள் வைத்தார்.

தலைமைக் காசாளர் எழுந்து வந்தார். பெரியவரை உள்ளே அழைத்து நாற்காலி போட்டார். "பந்தல்காரருக்கு எவ்வளவு ஐயா? சமையலுக்கு? மேளத்துக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அவரே பட்டியல் எழுதினார். கணக்கு உள்ளவர்களுக்குக் காசோலை போதும் என்று பிரித்தார். மீதிக்கு யார் யாரிடம் கையெழுத்து வாங்கிவர வேண்டும் என்று தாளில் குறித்துக் கொடுத்தார். விதியில் ஓர் எழுத்தைக்கூட அவர் தளர்த்தவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று. நாங்கள் மற்ற இருவரும் அதற்குள் எத்தனையோ பேரை அனுப்பியிருப்போம். மறுநாள் பெரியவர் கையெழுத்துகளோடு வந்து பணம் வாங்கிப் போனார்.

பிறகு தை மாதத்தில் ஒருநாள் கிளையில் அவரைப் பார்த்தேன். செலானும் பாஸ்புக்கும் கையில் இருந்தன. நடந்ததற்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். என் கவுண்டரில் ஆளே இல்லை. அவர் தலைமைக் காசாளரின் வரிசையில் ஐந்தாவது ஆளாகப் போய் நின்றார்.