செவலையும் பல்பு குஞ்சுகளும்

பிப்ரவரி 10, 2025, திங்கள்

தைப்பூசத்துக்கு முதல் நாள், சரியாக 21-ஆம் நாளில், எங்கள் செவலைக் கோழி குஞ்சு பொரித்துவிட்டது. 11 முட்டை வைத்ததில் 9 குஞ்சு. ஒன்று கூமுட்டை. இன்னொன்றில் குஞ்சு ஓட்டைக் கொத்தித் துளை போட்டதோடு நின்றுபோனது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடைக்கூடையில் மணலோடு ஒரு ஆணியும் கரித்துண்டும் போட்டு வைத்தது அப்பத்தாதான். இடி இடித்தாலும் முட்டை கெடாது என்பார். இந்த மாசத்தில் இடி எங்கே வரப்போகிறது? ஆனாலும் ஒவ்வொரு அடைக்கும் போடுவார்.

இனிமேல்தான் என் கவலை. கொல்லையில் ஏற்கெனவே 12 குஞ்சு நிற்கிறது. புத்தாண்டு அன்று, பொரிப்பான் இயந்திரத்தில் பொரித்த குஞ்சாக வாங்கி, மார்கழிக் குளிரில் அட்டைப்பெட்டிக்குள் பல்பு போட்டு வளர்த்தவை. வயது 40 நாள். தாய் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகள். வீட்டில் இருப்பதோ ஒரே கூடு. கீரி நடமாட்டம் இருப்பதால் யாரையும் வெளியே படுக்க விட முடியாது. எப்படியும் இவர்களைச் சேர்த்தாக வேண்டும்.

பிப்ரவரி 17, திங்கள்

ஏழாம் நாள், லசோட்டா சொட்டு மருந்து. கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்து. கண்ணுக்கு ஒரு சொட்டு. ஐஸ் வைத்த டப்பாவில் கொண்டுவந்து, கலக்கியதும் போட்டு முடித்துவிட வேண்டும். வெயிலில் வைத்தால் வீண். சின்னக் குப்பியே 100 குஞ்சுக்கு வரும் என்பதால் பக்கத்து இரண்டு வீட்டுக் குஞ்சுகளையும் கொண்டுவரச் சொன்னேன். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரு வீட்டோடு நிற்காது.

பல்பு குஞ்சுகளுக்குப் போன மாதமே போட்டாயிற்று. அதுகள் எச்சம் கெட்டியாக இருக்கிறதா, ரத்தம் கலந்திருக்கிறதா என்று ஒரு வாரமாகக் காலையில் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நன்றாக இருக்கிறது. நோயோடு சேர்த்துவிட்டால் பாதிக்கப்படுவது சின்னதுகள்தான்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று முதல் செவலையையும் குஞ்சுகளையும் முற்றத்தில் பஞ்சாரம், அதாவது மூங்கில் கூடை, போட்டுக் கவிழ்த்திருக்கிறேன். பல்பு குஞ்சுகள் வெளியே மேய்கின்றன. பார்த்துக்கொள்ளட்டும், கொத்திக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒரு சேவல் குஞ்சு வந்து கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்தது. செவலை உடம்பு முழுக்க இறகைச் சிலிர்த்து, இரண்டு மடங்காகி, மூங்கில் சிம்பு வழியாக மூக்கை விட்டது. சேவல் குஞ்சு தெறித்து ஓடியது. ஓடியது இரண்டே நிமிஷத்தில் திரும்பி வந்தது. செவலையின் சிறகிடுக்கில் ஒன்பது தலையும் வரிசையாக எட்டிப் பார்த்தன.

"ஏத்தா, ஒரு வாரமாச்சும் இப்படியே கெடக்கட்டும். அவசரப்படாதே" என்றார் அப்பத்தா.

பிப்ரவரி 22, சனி

அவசரப்பட்டுவிட்டேன்.

மூன்றாம் நாளே செவலை சாந்தமாகிவிட்டது போலத் தெரிந்தது. சாயங்காலம் பஞ்சாரத்தைத் தூக்கினேன். தூக்கிய கையோடு நொய்யை ஒரே இடத்தில் இறைத்தேன். அதுதான் தப்பு. 12 குஞ்சும் பாய்ந்து வந்தன, சின்னது ஒன்று காலில் மிதிபட்டுக் கத்தியது. அந்தச் சத்தம் போதும் செவலைக்கு. அதே சேவல் குஞ்சைப் பிடித்துக் கொண்டையில் போட்ட கொத்தில் ரத்தம் வழிந்தது. ரத்தத்தின் சிவப்பைப் பார்த்ததும் அதன் கூடப்பிறந்ததுகளே கொத்த வந்தன.

மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசி, தனியாகக் கூடையில் கவிழ்த்திருக்கிறேன். மிதிபட்ட குஞ்சு நடக்கிறது. அப்பத்தா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

பிப்ரவரி 25, செவ்வாய்

மூன்று நாளும் திரும்பப் பஞ்சாரம்தான். இன்று மறுபடி திறந்தேன், இந்த முறை முற்றத்தில் இல்லை, கொல்லையில். ஒதுங்கி ஓட இடம் வேண்டும் என்பது சனிக்கிழமைதான் புரிந்தது. தீனி மூன்று இடத்தில். பஞ்சாரத்தையே மூன்று செங்கல் மேல் ஏற்றிவைத்து அதற்குள் சின்னதுகளுக்குத் தனித்தட்டு. செங்கல் உயரத்துக்குக் குனிந்து போகச் சின்னதுகளுக்கு மட்டும் முடியும்.

எல்லாருக்கும் ஒரே குஞ்சுத் தீவனம் போடுகிறேன். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம், குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். செவலை இப்போது முட்டையிடப் போவதில்லை, அதற்கும் இதுவே போதும்.

இரண்டு தடவை துரத்தியது. கொத்தவில்லை.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. கோயிலுக்குக் கிளம்பும் முன்பு நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பானையில் சாணமும் ஈரச் சாக்கும் வைத்துக் கவிழ்த்திருந்ததில் கறையான் நிறையப் பிடித்திருந்தது. அதைக் கொட்டினேன். செவலை ஒரு கறையானைக் கொத்தி, கீழே போட்டு, மறுபடி எடுத்து, 'கொக் கொக் கொக்' என்று குஞ்சுகளைக் கூப்பிட்டது. ஒன்பதும் ஓடின. பின்னாலேயே பல்பு குஞ்சுகளில் மூன்று. அதுவரை அவற்றுக்குத் தீனி என்றால் தட்டில் இருப்பதுதான். இன்று செவலை காலால் கிளறுவதைப் பார்த்து, பக்கத்தில் நின்று அதுவும் கிளறிப் பார்த்தது ஒன்று. கால் மாறிப்போய் விழப் பார்த்தது.

அப்போதுதான் வல்லூறு. நான் நிமிர்வதற்குள் செவலை நீளமாக ஒரு குரல் கொடுத்தது. சின்னதுகள் முருங்கை அடியில் கிடந்த ஓலைக்குள் மறைந்தே போயின. பல்பு குஞ்சுகள் வெட்டவெளியில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றன. நான் கத்திக்கொண்டே துண்டை வீசினேன். ஒன்றும் போகவில்லை. கை நடுக்கம் நிற்க நேரமாயிற்று.

மார்ச் 2, ஞாயிறு

நேற்று மறுபடி வட்டமிட்டது. செவலை குரல் கொடுத்தது. இந்தத் தடவை பல்பு குஞ்சுகளும் ஓடின, ஓலையைப் பார்த்தே ஓடின! அப்பத்தாவிடம் சொன்னபோது, "பின்னே, பல்பா சொல்லிக் கொடுக்கும்?" என்றார்.

இன்றிரவு முதல் ஒரே கூடு. இருட்டியபின், பல்பு குஞ்சுகள் குச்சியில் ஏறி அமர்ந்த பிறகு, செவலையைக் குஞ்சுகளோடு தூக்கிப்போய் மூலையில் பலகைக்கு அந்தப் பக்கம் விட்டேன். இருட்டில் கோழிக்குச் சண்டை வராது. விடிந்து முகம் பார்த்தால்தான் வரும். நாலரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன், வெளிச்சம் வருமுன் திறந்துவிட.

மார்ச் 9, ஞாயிறு

ஒரு வாரத்தில் ஒரு சண்டை, அதுவும் சேவல் குஞ்சுகளுக்குள். கொண்டைக் காயம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. நேற்றே பலகையை எடுத்துவிட்டேன்.

இரவு டார்ச்சைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். குச்சியில் 11 பேர்தான். பன்னிரண்டாவது, எல்லாவற்றிலும் இளைத்த சாம்பல் பெட்டை, கீழே செவலையின் முதுகோடு ஒட்டிப் படுத்திருந்தது. உள்ளே நுழைய இடமில்லை, உடம்பு பெரிது. தலையை மட்டும் சிறகுக்குள் செருகியிருந்தது. செவலை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது, அப்புறம் மூடிக்கொண்டது.