பனிக்கும் கான் வெட்ட வேண்டும்

ஜனவரி மாதம் ஒரு விடியற்காலையில் மருமகன் சுவிஸிலிருந்து வீடியோ ஒன்று அனுப்பியிருந்தான். அக்காவின் மகன். இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான ஒரு லயத்தில் பிறந்தவன், இப்போது அங்கே மலைப்பாதை ரயில் ஒன்றில் தண்டவாளப் பராமரிப்பு வேலை செய்கிறான். வீடியோவில் முதலில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தூரத்தில் ஒரு இயந்திரம், முன்பக்கம் பெரிய சக்கரம் ஒன்று சுழல, பனியை ஒரு பக்கமாக வாரி இறைத்துக்கொண்டு வந்தது. கீழே எழுதியிருந்தான்: "மாமா, நம்ம ஊர்லயும் பனி கொட்டுதாமே?"

கொட்டத்தான் செய்தது. அன்று நுவரெலியாப் பக்கமெல்லாம் புல் வெளுத்துக் கிடந்தது. ஆனால் நம்முடைய உறைபனி வெயில் ஏறினால் போய்விடும். தேயிலைக் கொழுந்தைக் கருக்கும், உருளைக்கிழங்குக்காரரை அழ வைக்கும், கோச்சியை, அதாவது ரயிலை, ஒன்றும் செய்யாது. எங்கள் ரயில் பாதைக்கு எதிரி மழை. அந்த மழையோடு நான் தண்டவாளத்தில் 31 வருஷம் வேலை செய்திருக்கிறேன், பெரும்பாலும் வட்டகொடைக்கும் ஒஹியவுக்கும் இடையில்.

அந்த வீடியோவுக்குப் பிறகு நாங்கள் இருவரும் வாரம் ஒருமுறையாவது வேலையைப் பற்றிப் பேசுவோம். அவன் பனியைப் பற்றிச் சொல்வான், நான் மண்ணைப் பற்றிச் சொல்வேன். பேசப் பேச, இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறோம் என்று எனக்குப் பட்டது.

என் அப்பா தோட்டத்தில் கான், அதாவது வடிகால், வெட்டுகிறவர். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் சரிவுக்குக் குறுக்கே வெட்டுகிற கான்கள். எவ்வளவு ஆழம், எவ்வளவு சாய்வு என்பதெல்லாம் அவருக்குக் கண்ணிலேயே இருந்தது. சாய்வு கூடினால் தண்ணீர் ஓடி அரிக்கும், குறைந்தால் தேங்கி ஊறும். நான் ரயில்வேயில் சேர்ந்தபோது, தோட்டத்து மம்பட்டியிலிருந்து தப்பிவிட்டேன் என்று அம்மா சந்தோஷப்பட்டார். முதல் நாள் கேங்கில் என் கையில் கொடுத்தது மம்பட்டிதான். செய்யச் சொன்னதும் கான் துப்புரவு.

வெளியில் இருப்பவர்களுக்குத் தண்டவாள வேலை என்றால் சிலிப்பர் கட்டை மாற்றுவதும் சல்லிக்கல் அடிப்பதும்தான். அதுவும் உண்டு. ஆனால் எங்கள் பாதை 1867இல் கண்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும், 1924இல் பதுளைக்கும் வந்து சேர்ந்த பாதை. மலையை அறுத்து அறுத்துப் போட்டது. 44 அடிக்கு ஒரு அடி ஏற்றம், ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் பள்ளம். இப்படிப்பட்ட இடத்தில் தண்டவாளம் நிற்பது கல்லின் மேல் இல்லை, தண்ணீர் சரியாக வெளியேறுவதன் மேல்தான். வெட்டுக்கு மேலே மலையில் ஒரு கான், தண்டவாளத்தோரம் ஒரு கான், அடியில் குறுக்கே மதகு. இந்த மூன்றில் ஒன்று அடைபட்டாலும் மற்ற இரண்டும் தாங்காது.

எங்கள் ஓவசியர் ஒரு சிங்களப் பெரியவர். மழை பிடித்தால் எல்லாரும் கொட்டகைக்குள் ஓடுவோம், அவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்புவார். எங்களையும் இழுத்துக்கொண்டு போவார். "வெயில்ல எல்லாக் கானும் நல்ல கான்தான் தம்பி, மழையில வந்து பாரு" என்பார் தமிழில். ஓடுகிற தண்ணீரின் நிறத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். பக்கத்து மண்சுவரில் எப்போதும் ஒரு ஊற்று கசியும். அது தெளிவாக வருகிறவரை பயமில்லை. தேத்தண்ணீர் நிறத்துக்குக் கலங்கினால் உள்ளே மண் நகர ஆரம்பித்திருக்கிறது. மேலே தரையில் கீறல் விழுந்திருக்கிறதா, நேராக நின்ற மரம் சாய்ந்திருக்கிறதா, இல்லாத இடத்தில் புது ஊற்று வந்திருக்கிறதா என்று பார்ப்போம். இன்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையில் சொல்கிற அடையாளங்களும் இவைதான். அதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு அந்தப் பெரியவரின் சாக்குத்தான் ஞாபகம் வரும்.

சரி, மருமகனின் பனிக்கு வருகிறேன்.

அவன் வேலை செய்கிற மாநிலத்தில்தான் பெர்னினா பாதை இருக்கிறது. 1910இல் முழுமையாகத் திறந்தது. எங்கள் பாதையின் உச்சி பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் இடையில் 1,898 மீற்றர். அவர்களுடையது 2,253 மீற்றர். 100 மீற்றருக்கு 7 மீற்றர் ஏற்றம், பல்சக்கரம் கிடையாது, சக்கரத்தின் பிடியை மட்டும் நம்பி ஏறுகிறது. இதைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நம்முடைய 44க்கு ஒன்றிலேயே, மூடுபனியில் தண்டவாளம் நனைந்து டர்ப்பன்டைன் மரத்து இலையும் விழுந்து நசுங்கினால், எஞ்சின் வழுக்கி நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும். டிரைவர் மணலை விட்டு விட்டுத்தான் ஏற்றுவார். அங்கேயும் மணல்தான் மாமா என்றான் அவன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

பனியைத் தள்ளுவதற்கு முன்னால் கலப்பை மாதிரி ஒன்றைப் பூட்டிய வண்டி இருக்கிறது. பனி ஆழமாகிவிட்டால் கலப்பையால் தள்ள முடியாது, தள்ளிய பனிக்குப் போக இடம் இருக்காது. அதற்குத்தான் அந்தச் சுழல்சக்கர இயந்திரம். அறுத்து எடுத்துத் தூர வீசிவிடும். இந்த யோசனையை முதலில் 1869இல் பதிவு செய்தவர் கனடாவின் டொரொண்டோவில் ஒரு பல் வைத்தியராம். எந்தப் பக்கம் வீசுவது என்பது பெரிய கேள்வி என்றான் மருமகன். பள்ளத்துப் பக்கம் வீச வேண்டும், ஆனால் கீழே வீடோ ரோடோ அதே பாதையின் அடுத்த வளைவோ இருந்தால் வீசக் கூடாது. இதைக் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். மண்சரிவை வாரி எங்கே கொட்டுவது என்று எங்கள் கேங்கில் நடந்த சண்டைகள் கொஞ்சமா! கீழே எப்போதும் யாருடையதாவது லயம் இருக்கும்.

சரிவிலிருந்து பனி பாறைபோல் உருண்டு வருகிற இடங்களில் பாதைக்கு மேலே கூரை போட்டிருக்கிறார்கள். மலையோடு ஒட்டிய சாய்வான கூரை. பனி அதன் மேல் வழுக்கிப் பள்ளத்துக்குப் போய்விடும், ரயில் அடியில் போகும். யப்பானில் வேறு மாதிரி. 1982இல் திறந்த இரண்டு அதிவேகப் பாதைகள் பனி அதிகம் விழுகிற பகுதிகளுக்குப் போகின்றன. ஒன்றில் பனி கொட்டுகிற திறந்த பகுதிகளில் குழாய் பதித்து, சூடாக்கிய தண்ணீர் தெளித்து விழ விழக் கரைக்கிறார்கள். கரைந்த தண்ணீரைச் சேர்த்துச் சுத்தம் செய்து மறுபடி சூடாக்கித் தெளிக்கிறார்கள். மற்றதில் மேம்பாலத்தையே அகலமாகக் கட்டி, ரயில் ஒதுக்குகிற பனி இரண்டு பக்கமும் தங்குவதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். அதை முதலிலேயே யோசித்துக் கட்டினார்களே, அதுதான் என்னை ஆச்சரியப்படுத்தியது. 1964இல் திறந்த முதல் பாதையில் அந்த யோசனை இல்லாமல் பட்ட பாடு அவர்களுக்குப் பாடமாக இருந்தது. அங்கே ரயிலின் அடியில் ஒட்டிய பனிக்கட்டி வேகத்தில் கழன்று விழுந்து, சல்லிக்கல் தெறித்துக் கண்ணாடி உடைந்தது. அந்தப் பகுதியில் இன்றும் பனிநாளில் தண்ணீர் தெளித்து, வேகத்தையும் குறைத்துத்தான் ஓட்டுகிறார்கள்.

ஆனால் மருமகனின் சொந்த வேலை இந்தப் பெரிய சங்கதிகளில் இல்லை. பாதை பிரிகிற இடத்தில், ஊசிபோல் கூராகச் சீவிய நாக்குத் தண்டவாளம் ஒன்று, பெரிய தண்டவாளத்தோடு போய் ஒட்ட வேண்டும். சில மில்லிமீற்றர் இடைவெளி இருந்தாலும் பூட்டு விழாது, சிக்னல் கிடைக்காது. ஓடுகிற ரயிலிலிருந்து விழுகிற பனி அந்த இடுக்கில் போய் நசுங்கி ஐஸாக இறுகிவிடும். அதற்காக அடியில் மின்சார ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் காஸ். நான் கேட்டேன், "அப்ப நீ எதுக்கு?" அவன் விடிய மூன்று மணிக்குத் துடைப்பமும் கம்பியுமாகப் போவது எதற்கு என்று.

"உருகுன தண்ணி போகணுமே மாமா. கீழ வடியாட்டி அது அங்கயே மறுபடி உறைஞ்சுடும். நான் போய் அந்த ஓட்டையத் திறந்து விடுவேன். கான் வெட்டுற வேலதான்."

தாத்தாவின் வேலை சுவிஸ் வரைக்கும் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. தொண்டை அடைத்துவிட்டது.

என் வேலையில் மறக்க முடியாத ஒரு கான் இருக்கிறது. வட்டகொடைக்கு மேலே ஒரு வெட்டு. அதற்கு மேலே தேயிலை. அந்த வருஷம் அந்த மலையில் கவ்வாத்து வெட்டினார்கள், அதாவது தேயிலைச் செடிகளின் கிளைகளைத் தறித்தார்கள். வெட்டி விழுந்த மிலாறுக் கிளைகளை ஆட்கள் விறகுக்குக் கொண்டுபோனது போக மிச்சத்தை எங்கள் மேல்கானுக்குள் தள்ளிவிட்டார்கள். நான் பார்த்தேன். இறங்கி இழுத்தும் பார்த்தேன். இரண்டு பேர் ஒரு நாள் முழுக்க வேலை செய்தாலும் எடுக்க முடியாத அளவு, அடியில் சேறு இறுகியிருந்தது. எங்கள் பக்கத்தில் சொன்னேன். அது தோட்டத்து எல்லை என்றார்கள். தோட்டத்தில் சொன்னேன், அது ரயில்வேயின் கான் என்றார்கள். ஒக்டோபர் மாதம் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் காலையில் பாதை பார்க்கப் போனபோது ஊற்று கலங்கியிருந்தது. சிவப்புக் கொடியோடு ஒருவரை நிறுத்திவிட்டு ஸ்டேஷனுக்குச் செய்தி அனுப்பினோம். பத்து மணிக்கு மலை இறங்கிவிட்டது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஒரு லொறி மண் கொட்டுகிற மாதிரி. தேயிலைச் செடிகள் நின்றபடியே நகர்ந்து வந்து தண்டவாளத்தின் மேல் நின்றன. அதில் ஒன்றில் கொழுந்துகூட இருந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஐந்து நாள் பாதை மூடிக் கிடந்தது. மண்ணைத் தோண்டும்போது அந்த மிலாறுக் கட்டைகளை நான் என் கையாலேயே எடுத்தேன். ஒரு பகல் வேலையைச் செய்திருந்தால் வந்திருக்காத மண். இன்றும் எனக்கு அது ஆறவில்லை. இரண்டு பக்கத்திலும் சொன்னதோடு நான் நின்றிருக்கக் கூடாது.

ரயிலை நிறுத்துவதும் ஒரு வேலைதான், அதிலும் எங்கே நிறுத்துவது என்பது. 1910இல் அமெரிக்காவில் வெலிங்டன் என்ற மலை ஸ்டேஷனில், பனியால் பாதை அடைபட்டு இரண்டு ரயில்களை நாள்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். நின்ற இடத்துக்கு மேலே காட்டுத்தீயில் மரம் எரிந்துபோன மொட்டைச் சரிவு. மார்ச் 1ஆம் திகதி விடிவதற்குள் பனிச்சரிவு வந்து ரயில்களைப் பள்ளத்தில் தள்ளியது. 96 பேர் இறந்தார்கள். பிறகு அங்கே கொங்கிரீட் கூரை போட்டார்கள், 1929இல் அந்த இடத்தையே விட்டு நீளச் சுரங்கத்துக்குப் பாதையை மாற்றினார்கள். மருமகன் இதைச் சொன்ன இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மழை நாளில் எங்கள் ரயில்கள் வெட்டுகளுக்குள்ளே நின்ற தடவைகளெல்லாம் ஒவ்வொன்றாக வந்து போயின.

எல்லாவற்றையும் கானால் தடுக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கொட்டிய மழைக்கு எந்தக் கானும் போதாது. மலைநாட்டுப் பாதை பல இடங்களில் அறுந்துபோனது. அடியில் மண் போய்த் தண்டவாளம் மட்டும் தொங்குகிற படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்த இடங்கள் ஒவ்வொன்றும் தெரிந்த இடம். உயிர்களும் லயங்களும் போன துயரத்துக்கு முன்னால் தண்டவாளத்துக்கு அழுவதா என்று அடக்கிக்கொண்டேன். மருமகன் அன்று போனில் அதிகம் பேசவில்லை. பனிச்சரிவு ஆபத்து கூடிய நாளில் அவர்களும் பாதையை மூடிவிட்டுக் காத்திருப்பார்களாம். அவ்வளவு தளவாடம் வைத்திருக்கிறவர்களே காத்திருக்கிறார்கள்.

அவன் வருகிற சித்திரைக்கு ஊருக்கு வருவதாகச் சொல்கிறான். அந்த வட்டகொடை வெட்டைப் பார்க்க வேண்டுமாம், மேல்கான் வரைக்கும் ஏற வேண்டுமாம். சித்திரையில் வேண்டாம், முடிந்தால் ஒக்டோபரில் லீவு எடுத்து வா, சாக்கு நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.