நீள நோட்டு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டு விடுமுறை. சுனாமிக்குத் தப்பி வடசென்னைக் காசிமேட்டுப் பக்கமிருந்து ஜனங்கள் ஓடிவந்தபோது, யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் பள்ளிக் கேட்டைத் திறந்துவிட்டவர் நம் வாட்ச்மேன் அண்ணன். மதியத்துக்குள் கீழ்த்தள வகுப்புகள் நிரம்பிவிட்டன.

நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு, நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தேன். மறுநாளிலிருந்து வண்டி வண்டியாகப் பழைய துணி வந்து இறங்கியது. மடித்து அடுக்கியே கை ஓய்ந்தது, வாங்கத்தான் ஆளில்லை. ஓர் ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு, "துணி வேணாம் கண்ணு. சக்கரை மாத்திரை வீட்டோட போச்சு, ரெண்டு நாளா போடல" என்றார். தமிழய்யாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் ஒரு நீள நோட்டை எடுத்துக் கோடு போட்டார். யாருக்கு என்ன மாத்திரை, யார் கர்ப்பிணி, யாரால் நடக்க முடியாது என்று அறை அறையாகக் கேட்டு எழுதினோம். பெண்களிடம் மாணவிகளை அனுப்பினார். நாப்கின், உள்ளாடை என்று வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டதெல்லாம் அந்த நோட்டில் ஏறியதால்தான் வந்து சேர்ந்தது.

முகாம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். எனக்கு அதைவிடப் பெரிது, அடுத்த அக்டோபரில் அய்யா செய்தது. பருவமழைக்கு முன்பே அதே நோட்டோடு எங்களைத் தெருத்தெருவாக அழைத்துப்போனார். படுத்த படுக்கையாக இருப்பவர் எந்த வீடு, மாடி உள்ள வீடு எது, கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பினால் எந்த வழி, எல்லாம் எழுதினோம். ரேஷன் கார்டைப் பாலிதீன் கவரில் போட்டுப் பரணில் வைக்கச் சொன்னோம். பூண்டி ஏரியில் உபரி நீர் திறந்தால் அது கொசஸ்தலை ஆறு வழியாக எண்ணூருக்குத்தான் வரும், வந்து சேர்வதற்குள் உள்ள நேரம்தான் நமக்குக் கிடைக்கும் நேரம் என்று படம் போட்டுக் காட்டினார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் புகுந்தது. சிங்கப்பூரில் உட்கார்ந்து போன் போட்டுப் போட்டு அழுதேன், லைன் கிடைக்கவில்லை. அப்புறம் கூடப் படித்தவன் குரல் செய்தி அனுப்பினான்: "துணி அனுப்பாத மச்சான். பாயும் பாத்திரமும் கையுறையும்தான் வேணும். வீடு வீடா கேட்டு எழுதிட்டேன்."

நம் முன்னாள் மாணவர் சங்கத்தாரிடம் ஒன்று கேட்கிறேன். நிவாரண நிதியில் ஒரு பங்கை இனி செப்டம்பரிலேயே அனுப்பிவிடுவோம். புது நோட்டின் முதல் பக்கத்துக்குக் கோடு போட்டுத்தர அய்யா ஒப்புக்கொண்டிருக்கிறார்.