குளிருக்காக அடைத்த கூட்டை மறுபடி திறந்த கதை

ஏழு பெட்டைகள், ஒரு சேவல். போன குளிர்காலத்தில் ஒரு பெட்டை சளி பிடித்து, கொர் கொர்ரென்று மூச்சிழுத்துக்கொண்டு இரண்டு வாரம் மூலையிலேயே கிடந்தது. பிழைத்துவிட்டது, ஆனால் அந்தச் சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை. அதனால் இந்த வருடம் முன்கூட்டியே வேலையை ஆரம்பித்தேன்.

முதல் வாரம்

கூட்டில் இருந்த இடுக்கு, ஓட்டை எல்லாவற்றையும் சாக்காலும் தார்ப்பாயாலும் அடைத்தேன். மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்ததும் நெடி கண்ணில் ஏறியது. தகரக் கூரையின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளிகள். கூளத்தை அள்ளிப் பிடித்தால் நசநசவென்று கையில் ஒட்டியது.

யோசித்துப் பார்த்தால் இது நடக்கத்தான் செய்யும். கோழிக்குச் சிறுநீர் தனியாகக் கிடையாது, எல்லாம் எச்சத்தோடுதான். மூச்சிலும் ஈரம். இரவு முழுக்க எட்டு கோழிகள் விடும் ஈரம் போக வழியில்லாமல் கூட்டுக்குள்ளேயே நிற்கிறது. அந்த நெடி எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா, மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். கோழியின் உடல் சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ். இறகைச் சிலிர்த்து, இடையில் காற்றைப் பிடித்து வைத்துத்தான் அந்தச் சூட்டைக் காக்கிறது. இறகு நனைந்துவிட்டால் அந்தப் போர்வை போச்சு. உறைபனி விழும் இடங்களில் கொண்டை நுனி கறுத்துப் போவதற்கும் குளிரோடு இந்த ஈரம் சேர்வது பெரிய காரணம்.

இரண்டாம் வாரம்

கூரையை ஒட்டி, எதிரெதிர்ச் சுவர்களில் ஒரு சாண் உயரத்துக்குத் திறந்து, அரை அங்குலக் கம்பி வலை அடித்தேன். கோழிகள் அடையும் உயரத்திலும் அதற்குக் கீழேயும் அடைத்தது அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நூலைத் தொங்கவிட்டேன். மேலே ஆடியது, கோழிகள் அடையும் உயரத்தில் அசையவில்லை. மறுநாள் தகரம் காய்ந்திருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

கோழிகள் இரவில் ஏறி அடையும் உருண்டைக் கம்பை எடுத்துவிட்டு, நாலு விரல் அகலத்தில் தட்டையான கட்டை வைத்தேன். அதில் உட்கார்ந்தால் வயிற்று இறகு கால்விரல்களை முழுசாக மூடிக்கொள்கிறது. தண்ணீர்ப் பாத்திரத்தை வெளியே மாற்றினேன். கூளத்தை மொத்தமாக மாற்றி, 15 செ.மீ. ஆழத்துக்கு மரச்சீவல் போட்டேன். சாயங்காலம் ஒரு கை மக்காச்சோளம் தூவினால் கிளறும் வேலையை அவையே பார்த்துக்கொள்கின்றன.

நான்காம் வாரம்

ஒரு காலை, கூட்டோரம் மண் தோண்டிக் கிடந்தது. கீரியா பூனையா தெரியவில்லை. உள்ளே போக முடியவில்லை, அது போதும். அன்றே வலையை வெளிப்பக்கமாக ஓர் அடி அகலம் நீட்டி, மண்ணுக்குள் புதைத்தேன்.

ஐந்தாம் வாரம்

ஒன்பது குஞ்சுகள் வந்தன, தாயில்லாமல். இவற்றுக்கு மட்டும் விளக்குச் சூடு கொடுத்தேன். பெரிய கோழிகளுக்கு விளக்கு வைக்க மனம் வரவில்லை. காய்ந்த கூளம், தூசு, படபடக்கும் இறக்கை, நடுவில் சூடான பல்பு என்றால் தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்? குஞ்சுப் பெட்டியில் விளக்கைச் சங்கிலியில் தொங்கவிட்டு, கம்பியாலும் தனியாகக் கட்டினேன். முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்தேன். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளைப் பார்ப்பதே மேல்: கும்பலாக நெருக்கினால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு. இரண்டாம் இரவு மின்சாரம் போனது எனக்குத் தெரியவில்லை. விடியும்போது ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன, அடியில் இருந்த ஒன்று இறந்துவிட்டது. அன்றிலிருந்து வெந்நீர் நிரப்ப ஒரு பாட்டிலும் சுற்றிவைக்கத் துணியும் பெட்டி அருகிலேயே இருக்கின்றன.

முட்டை குறைந்துவிட்டது, பகல் சுருங்கினால் குறையத்தான் செய்யும். விளக்குப் போட்டு 14 மணி நேர வெளிச்சம் கொடுத்தால் கூடும். இறகு உதிர்த்து முளைக்கவைக்கும் காலம் இது, ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பதினோராம் வாரம்

எட்டுக் குஞ்சுகளுக்கும் இறகு முழுசாக வந்துவிட்டது. கூட்டுக்குள்ளேயே வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், தாழ்வான ஒரு கட்டை போட்டு விட்டிருக்கிறேன். பெரியவை பார்த்துப் பழகட்டும். நேற்று அடையும் நேரத்தில் குஞ்சுகள் எல்லாம் தரையிலேயே குவிந்து நின்றன. ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டையில் வைத்தேன். இன்றைக்கு மூன்று தானாகவே ஏறின.