காரை உதிர்ந்த சுவரும் நான் சொன்ன பதிலும்

ஹவானாவின் சுவர்களைக் கொண்டு நான் வரைந்த துணி அச்சு, உடைகளாகித் தைக்கப்பட்டு விற்றும் முடிந்துவிட்டது. அதைப் பற்றி எவரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் வெட்டு மேசையருகே எங்கள் மூத்த வெட்டுநரோடு நடந்த சில நொடிப் பேச்சை நான் இன்னமும் மனத்துக்குள் தொடர்ந்துகொண்டிருக்கிறேன். சில நாள்களில் என் பதில் சரியென்றே படுகிறது. வேறு சில நாள்களில் அது அவர் சொன்னதற்குப் பதிலே அல்ல என்று தோன்றுகிறது.

கோடைத் தொகுப்புக்குக் கியூப வாழ்க்கையே கரு என்று முடிவானதும் நான் இரண்டு அச்சுகளை வரைந்தேன். ஒன்று, அங்குள்ள பழைய வீடுகளின் கதவுகளுக்கு மேலே அரைவட்டமாகப் பதித்திருக்கும் வண்ணக் கண்ணாடிகளிலிருந்து பிறந்தது. அக்கண்ணாடிகளையும் இரும்புக் கிராதிகளின் சுருள்களையும் தடித்த கறுப்புக் கோடுகளாக ஓவியத்துக்குள் கொண்டுவந்தவர் அமேலியா பெலாயெஸ். 1958இல் திறக்கப்பட்டு இன்று ஹபானா லிப்ரே எனப்படும் விடுதியின் முகப்பில் அவருடைய பெரிய சுவரோவியம் இருக்கிறது. மற்றது, மத்திய ஹவானாவின் காரை உதிர்ந்த சுவர்களிலிருந்து வந்தது. மஞ்சளுக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் ஏதோ ஒரு தலைமுறை பூசிய நீலம், எல்லாவற்றுக்கும் அடியில் வெறும் கல். அறுபத்துநான்கு சென்டிமீட்டர் ரிப்பீட்டுக்குள், அதாவது துணி நெடுகத் திரும்பத் திரும்ப வரும் ஒரு கட்டத்துக்குள், அந்த அடுக்குகளை ஒட்டுத் தெரியாமல் பொருத்துவதற்கு நான் பட்ட பாட்டை இப்போதும் பெருமையோடுதான் நினைக்கிறேன்.

அந்த ஊரில்தான் எங்கள் வெட்டுநர் பிறந்து வளர்ந்தார். அச்சாகி வந்த முதல் லினன் துணியை மேசைமேல் விரித்து, கையால் நீவிவிட்டு, "இது யார் வீட்டுச் சுவர்?" என்று கேட்டார். ஒரு வீட்டுடையது அல்ல, பல சுவர்களின் படங்களிலிருந்து சேர்த்தது என்றேன். "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டுக்காரர்களுக்குச் சிமென்டும் வண்ணமும் கிடைத்திருந்தால் உங்களுக்கு இது கிடைத்திருக்காது" என்றார். குரலில் கோபம் இல்லை. "ஒன்று எப்படி அழகானது என்பது வேறு, அது அழகாக இருக்கிறது என்பது வேறு" என்று நான் சொன்னேன். அவர் தலையை அசைத்துவிட்டு வேலையைத் தொடங்கிவிட்டார். அந்த வாரமே, இரண்டில் எது தொகுப்பின் முதன்மை அச்சு என்று முடிவுசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, நான் சுவரைத்தான் கொடுத்தேன்.

அவர் எதைச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியாததல்ல. கடற்கரைச் சாலையைத் தாண்டி வரும் உப்புக் காற்று அந்தக் கல்லையும் இரும்பையும் ஓயாமல் அரிக்கிறது. ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய மாளிகைகளில் பல குடும்பங்கள் நெருங்கி வாழ்கின்றன. உயரமான அறைகளை நடுவே பரண்போலத் தடுத்து இன்னொரு தளம் போட்டுக்கொள்கிறார்கள், அந்தப் பாரத்தையும் அதே சுவர்கள்தான் தாங்க வேண்டும். 1962 முதல் நீடிக்கும் அமெரிக்க வணிகத் தடை, 1991இல் சோவியத் ஒன்றியம் வீழ்ந்தபின் வந்த கடும் பஞ்சம், பழுதுபார்க்கப் பொருள் கிடைக்காத ஆண்டுகள் என எல்லாம் சேர்ந்து அங்கே மழைக்காலத்தில் வீடுகள் இடிந்து விழுகின்றன. மக்கள் இறந்தும் போயிருக்கிறார்கள். நான் வியந்த வண்ண அடுக்குகள் அந்த வரலாற்றின் குறுக்குவெட்டு.

ஆயினும் என் பக்கத்திலும் நியாயம் உண்டு என்றே நம்புகிறேன். இல்லாமையிலிருந்து கலை செய்வதை உலகுக்குக் காட்டியவர்களே கியூபர்கள்தாம். 1959இல் தொடங்கிய அவர்களது திரைப்பட நிறுவனம், மையும் தாளும் தட்டுப்பாடாக இருந்த காலத்தில், கையால் அச்சிட்ட ஸ்கிரீன் பிரிண்ட் சுவரொட்டிகளால் உலகின் சிறந்த வடிவமைப்புகளில் சிலவற்றைத் தந்தது. பிரெஞ்சுப் படமொன்றுக்கு ரெனே அஸ்குய் செய்த சுவரொட்டியில், கறுப்பு வெள்ளை முகத்தில் உதடுகள் மட்டும் சிவப்பாக இருக்கும் அந்தச் சிக்கனத்தை எந்தச் செழிப்பாலும் விஞ்ச முடியாது. பஞ்சக் காலத்தில் மக்கள் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு செய்துகொண்ட பொருள்களைக் கியூப வடிவமைப்பாளர் எர்னெஸ்தோ ஒரோசா தேடித் தொகுத்திருக்கிறார். பழைய தொலைபேசியின் அடிப்பகுதிமேல் பொருத்திய மின்விசிறி அவற்றில் ஒன்று. ஆனால் இந்த இடத்தில் என் வாதம் எனக்கே எதிராகத் திரும்பிவிடுகிறது. அந்த விசிறியைச் செய்தவருக்கு அதிலிருந்து காற்று வந்தது. என் அச்சிலிருந்து அந்தச் சுவருக்கு ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பும் போகவில்லை.

கியூபப் புகைப்படக்காரர் கோர்தாவை நினைத்துக்கொள்கிறேன். நவநாகரிக உடைப் படங்கள் எடுத்துப் பெயர் பெற்ற அவர், 1960 மார்ச் 5 அன்று எடுத்த சே குவேராவின் முகம் உலகெங்கும் சட்டைகளில் ஏறியது. அதற்காக அவர் நெடுங்காலம் பணம் கேட்கவில்லை. அது ஒரு வோட்கா விளம்பரத்தில் வந்தபோது மட்டும் 2000ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்து, சமரசமாகக் கிடைத்த ஐம்பதாயிரம் டாலரைக் கியூபாவின் மருத்துவத் துறைக்குக் கொடுத்தார். இதற்குச் சம்மதம், இதற்குச் சம்மதமில்லை என்று சொல்ல அந்தப் படத்துக்கு ஓர் ஆள் இருந்தார். சுவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. 2016 மே 3 அன்று ஹவானாவின் பிராதோ வீதியில் பிரெஞ்சு ஆடை நிறுவனமான ஷனேல் தன் உடை அணிவகுப்பை நடத்தியபோது, அழைப்பில்லாத ஊர்க்காரர்கள் தடுப்புக்கு அப்பாலும் மாடிகளிலும் நின்று பார்த்தார்கள். அவர்களிடமும் யாரும் எதையும் கேட்கவில்லை.

என் மேசையருகே ஓர் ஆள் இருந்தார் என்பதுதான் என்னை உறுத்துகிறது. அவர் சொன்னது மறுப்பா, தகவலா? வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்றும்தான் சொன்னார். அதே சமயம், சம்பளத்துக்குத் துணி வெட்டுகிறவர் வடிவமைப்பாளரிடம் அதற்குமேல் எவ்வளவு சொல்ல முடியும்? ஊரைவிட்டு வந்த ஒருவர் ஊர் முழுவதற்கும் பேச முடியுமா என்றும் கேட்டுக்கொள்கிறேன். கேட்டவுடனே, அப்படியானால் நான் யாருக்காக வரைந்தேன் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

தொகுப்பு முடிந்தபின் அவர் என்னிடம் வந்து, சுவர் அச்சில் மிச்சமிருந்த துணி கொஞ்சம் கிடைக்குமா, ஹவானாவிலுள்ள தங்கைக்கு அனுப்ப வேண்டும் என்றார். இருந்ததையெல்லாம் மடித்துக் கொடுத்தேன். அன்று எனக்குப் பெரும் நிம்மதியாக இருந்தது. அந்த அச்சை அவரே ஏற்றுக்கொண்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை என்று நண்பர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அவருடைய தங்கைக்கு அங்கேயே நல்ல துணி கிடைத்திருந்தால், அவர் இதை என்னிடம் கேட்டிருக்கவே மாட்டார்.